'கே' எழுதி 'என்' மட்டும் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்திக்கு நைஃப், முழங்காலுக்கு நீ, முடிச்சுக்கு நாட், தட்டுவதற்கு நாக், தெரிந்துகொள்வதற்கு நோ. இவை எல்லாமே ஆங்கிலத்தில் 'கே', 'என்' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்குகின்றன. 'கே' ஊமை. கூட்டமாகப் பார்த்தால் பெரும்பாலும் கை, கால், கயிறு, கத்தி, கதவு என்று வீட்டுப் புழக்கத்தில் உள்ள பழைய சொற்கள். இவற்றைச் சுற்றிப் பிறந்த மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்வதைவிட, மூலப்பொருள் என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுவது சுலபம்.

சொல்லாத 'கே'யை எதற்காக எழுதவேண்டும்?

ஒரு காலத்தில் சொன்னார்கள். கத்தி பழைய ஆங்கிலத்தில் 'க்னீஃப்'. 14-ஆம் நூற்றாண்டில், சாசர் கவிதை எழுதிய காலத்திலும் அந்த 'க்' வாயில் இருந்தது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அதற்குப் பின்வந்த அச்சுக்கூடங்கள் எழுத்துக்கூட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிட்டன. 'க்' ஒலி பேச்சிலிருந்து நழுவியதோ 17-ஆம் நூற்றாண்டுவாக்கில். அதற்குள் எழுத்து அச்சில் உட்கார்ந்துவிட்டது. ஜெர்மானியர்களும் டச்சுக்காரர்களும் இன்றும் அந்த 'க்'கை விடவில்லை. ஜெர்மனில் முழங்கால் 'க்னீ'தான்.

இந்தச் சொற்களுக்கும் நமக்குத் தெரிந்த எதற்கும் உறவு உண்டா?

உண்டு, அதுவும் எதிர்பாராத இடத்தில். தெரிதலைக் குறிக்கும் 'நோ'வும் சமஸ்கிருதத்தின் 'ஜ்ஞா'வும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கிரேக்கத்தில் அதே வேர் 'க்னோ'. டாக்டர் சொல்கிற 'டயக்னோசிஸ்' அங்கிருந்து வந்தது, அதில் 'க்' இன்னும் கேட்கிறது. 'ஜ்ஞான'த்தின் முன்னால் இருந்த ஒலியை உதிர்த்துவிட்டு நாம் ஞானம் என்கிறோம். 'க்னோ'வின் முன்னால் இருந்ததை உதிர்த்துவிட்டு ஆங்கிலேயர்கள் 'நோ' என்கிறார்கள். வாய்க்குச் சிரமமான கூட்டொலியை எளிதாக்கிக்கொள்வதில் எல்லோரும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

இன்னொன்று 'ஆஜானுபாகு'. ஆள் வாட்டசாட்டமாக இருந்தால் அப்படிச் சொல்வோம். ஜானு என்றால் முழங்கால். முழங்கால்வரை நீண்ட கைகளை உடையவர் என்று பொருள். அந்த ஜானுவும் ஆங்கிலத்தின் 'நீ'யும் ஒரே குடும்பம்.

'கே'யைச் சொல்லவேண்டிய இடமே இல்லையா?

வெளியிலிருந்து வந்த சில பெயர்களில் சொல்லவேண்டும். இஸ்ரேல் நாடாளுமன்றமான க்னெஸெட் ஓர் உதாரணம். ஒப்புக்கொள்வதைக் குறிக்கும் 'அக்நாலெட்ஜ்' என்ற சொல்லிலும் 'க்' கேட்கும், முன்னால் ஓர் 'அ' வந்து தாங்கிப் பிடிப்பதால்.

1016-இல் இங்கிலாந்து அரியணை ஏறிய டென்மார்க்காரர் 'க்னூட்'. அவர் பெயரைச் சொல்வதற்காக நடுவில் ஓர் உயிரைச் செருகி 'கனூட்' ஆக்கிவிட்டார்கள். ஸ்நேகத்தைச் சிநேகம் ஆக்கிய நமக்கு இது புரியும். கடல் அலையை 'நில்' என்று உத்தரவிட்ட ராஜா இவர்தான். பத்திரிகைகளில் 'கனூட் மாதிரி' என்று எழுதினால், நடக்கிற மாற்றத்தை அகங்காரத்தோடு தடுக்கப் பார்க்கிறார் என்று பொருள். பாவம், 12-ஆம் நூற்றாண்டில் ஹென்றி ஆஃப் ஹண்டிங்டன் எழுதிவைத்த கதையில் விஷயமே வேறு. அரசன் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்று காட்டத்தான் அவர் அலைமுன் உட்கார்ந்தாராம்.

'நைட்' என்றால் கவசம் போட்ட வீரன்தானே?

ஆரம்பத்தில் பையன் என்றுதான் பொருள். அப்புறம் ஏவல் செய்யும் பையன், அப்புறம் பிரபுவுக்காகக் குதிரையேறிப் போர் செய்பவன், கடைசியில் பட்டம். ஜெர்மனில் இதே சொல் 'க்னெஷ்ட்' என்ற வடிவில் பண்ணையாள், வேலைக்காரன் என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பையனைக் குறித்த இன்னொரு சொல் 'நேவ்'. அது எதிர்த்திசையில் போய், அயோக்கியன் என்ற பொருளில் முடிந்தது. ஒரே இடத்தில் தொடங்கிய இரண்டு பையன்களில் ஒருவனுக்குப் பட்டம், இன்னொருவனுக்குத் திட்டு.

சீட்டாட்டத்தில் நாம் ஜாக்கி என்கிறோமே, அதற்கும் ஆங்கிலத்தில் பழைய பெயர் 'நேவ்'தான். சீட்டின் மூலையில் சுருக்கெழுத்து அச்சடிக்கும் வழக்கம் வந்தபோது, ராஜாவின் கிங் 'கே', நேவ் 'கே-என்' என்று குழப்பம். அதனால் 'ஜே' போட வசதியாக ஜாக் என்ற பெயர் நிலைத்தது. சதுரங்கத்திலும் இதே சிக்கல்: ராஜா 'கே'யை எடுத்துக்கொண்டதால், நைட் எனப்படும் குதிரையை ஆட்டக் குறிப்பில் 'என்' என்று எழுதுகிறார்கள்.

ஆபத்தில் வந்து காப்பாற்றுகிறவரை 'நைட் இன் ஷைனிங் ஆர்மர்' என்பார்கள். பெரும்பாலும் காதல் கதைகளில், கொஞ்சம் கிண்டலாக.

நைட் பட்டம் பெற்றவரைச் 'சர் ராமன்' என்று எழுதலாமா?

கூடாது. சர் பட்டம் சொந்தப் பெயரோடுதான் ஒட்டும், குடும்பப் பெயரோடு தனியாக ஒட்டாது. 1705-இல் பட்டம் பெற்ற நியூட்டன் 'சர் ஐசக்'. 'சர் நியூட்டன்' தவறு. 1929-இல் பட்டம் பெற்றவரைச் 'சர் சி.வி. ராமன்' என்று எழுதுவதில் சிக்கலே இல்லை. நம் பெயர்களில் எது குடும்பப் பெயர் என்ற தலைவலியை முதலெழுத்துகள் தீர்த்துவிடுகின்றன. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2012-இல் இதே பட்டம் கிடைத்தது.

'நாட்' கயிற்று முடிச்சு சரி, புயல் செய்தியில் எதற்கு வருகிறது?

பாய்மரக் கப்பல் போகும் வேகத்தை அளக்க ஒரு மரக்கட்டை வைத்திருந்தார்கள். கயிறு கட்டிய அந்தக் கட்டையைக் கப்பலின் பின்புறம் கடலில் போடுவார்கள். கட்டை தண்ணீரில் நிற்கும். கப்பல் முன்னால் போகப்போகக் கயிறு மாலுமியின் கைவழியாக ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. பக்கத்தில் ஒருவர் 28 விநாடி மணற்கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருப்பார். மணல் தீருவதற்குள் ஐந்து முடிச்சு கையைக் கடந்தால் வேகம் ஐந்து நாட். அதாவது மணிக்கு ஐந்து கடல்மைல். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 'நாட்' என்பதற்குள்ளேயே 'மணிக்கு' இருக்கிறது. ஆகவே 'மணிக்கு 40 நாட்' என்று எழுதவேண்டியதில்லை.

அந்த மரக்கட்டைக்குப் பெயர் 'லாக்'. அதைப் போட்டு எடுத்த வேகத்தைக் குறித்துவைத்த நோட்டு 'லாக் புக்'. அதில் பதிவதிலிருந்து வந்ததுதான் இன்று தினமும் கணினியில் செய்கிற 'லாக்-இன்'.

புயல் விஷயத்துக்கு வருவோம். காற்று மணிக்கு 62 முதல் 88 கிலோமீட்டர்வரை வீசினால் புயல் என்று இந்திய வானிலைத் துறை வகுத்திருக்கிறது. 60, 90 என்று வைக்காமல் இது என்ன கணக்கு என்று தோன்றும். மூலக்கணக்கு 'நாட்' அளவில் இருக்கிறது: 34 முதல் 47 நாட். அதைக் கிலோமீட்டருக்கு மாற்றியதால் வந்த அரைகுறை எண்கள்தான் 62-உம் 88-உம்.

'டை தி நாட்' என்பது நம் மூன்று முடிச்சா?

பொருள் அதுவேதான்: கல்யாணம் செய்துகொள்வது. ஆனால் தாலியிலிருந்து போனதல்ல. மணமக்கள் கையைச் சேர்த்துக் கட்டுவது ஐரோப்பாவிலும் பழைய பழக்கம். பத்திரிகைத் தலைப்பில் நடிகர், நடிகை பெயரோடு இந்தத் தொடர் வந்தால் கல்யாணச் செய்தி.

'கார்டியன் நாட்' என்றால் யாராலும் அவிழ்க்க முடியாத சிக்கல். இன்றைய துருக்கியில் உள்ள கார்டியம் ஊரில், ஒரு பழைய வண்டியின் நுகத்தடியில் இருந்த முடிச்சை கி.மு. 333-இல் அலெக்சாண்டர் வாளால் வெட்டினார் என்பது கதை. அவிழ்க்காமல் வெட்டியது நியாயமா என்று கேட்டால், எனக்கு அவர் ஏமாற்றிவிட்டதாகத்தான் படுகிறது. ஆனால் ஆங்கிலம் அதைத் துணிச்சலான தீர்வு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது.

பலகையில் கிளை முளைத்த இடத்தில் வட்டமாகக் கடினமாக இருக்கும் கணுவுக்கும் 'நாட்' என்றே பெயர். மரக்கடையில் 'நாட் இல்லாத பலகை' என்றால் அதுதான்.

திருப்பூரில் சொல்கிற 'நிட்டிங்' இதே குடும்பமா?

ஆமாம், நாட் என்ற முடிச்சுச் சொல்லின் உடன்பிறப்பு. தறியில் பாவும் ஊடும் குறுக்குநெடுக்காக ஓடும். நிட்டிங் மெஷினிலோ நூலை வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டே போவார்கள். வளையம் விரிந்து சுருங்கும் என்பதால்தான் பனியன் இழுத்தால் நீள்கிறது, வேட்டி நீள்வதில்லை. வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் இந்தப் பின்னலுக்கு 1589-இலேயே இயந்திரம் செய்துவிட்டார், காலுறைக்காக.

ஒற்றுமையான குடும்பம் 'க்ளோஸ் நிட்'. முகம் சுளித்து யோசிப்பது 'நிட்டிங் ஒன்ஸ் ப்ரௌஸ்', அதாவது புருவம் நெரிப்பது. முறிந்த எலும்பு சேர்வதற்கும் 'நிட்' தான்.

'நாக்' என்ற தட்டுதலுக்கு ஏன் இத்தனை பொருள்?

பின்னால் ஒட்டுகிற சின்னச் சொல் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. இந்தப் பக்கத்தில் மிகவும் கவனிக்கவேண்டிய சொல் இதுதான்.

'நாக் அவுட்' குத்துச்சண்டையிலிருந்து வந்தது. விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழாவிட்டால் முடிந்தது. கோப்பைப் போட்டிகளில் ஒரு தோல்வியோடு வெளியேறும் சுற்றும் நாக் அவுட்தான்.

'நாக் ஆஃப்' மூன்று விதம். மாலை வேலையை முடித்துக் கிளம்புவது, விலையில் கொஞ்சம் தள்ளுவது, பெரிய பிராண்டைப் பார்த்து அடித்த டூப்ளிகேட். நடுவில் 'இட்' நுழைந்து 'நாக் இட் ஆஃப்' ஆனால் 'போதும், நிறுத்து' என்ற அதட்டல்.

'நாக் டவுன்' இடித்துத் தள்ளுவதும் ஆகும், ஏலத்தில் ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம் சொல்லிச் சுத்தியலைத் தட்டிப் பொருளை ஒருவருக்கு முடித்துவிடுவதும் ஆகும். கார் விற்பனையில் 'சி.கே.டி.' என்று கேட்டிருப்பீர்கள்: கம்ப்ளீட்லி நாக்டு டவுன். வண்டி இடிந்துபோனது என்று அர்த்தமில்லை. பாகம் பாகமாக வந்து இறங்கி இங்கே பூட்டப்பட்டது என்று அர்த்தம்.

'நாக் ஆன் வுட்' அமெரிக்க வழக்கு. நல்லதைச் சொன்னவுடன் கண் படாமலிருக்க மரத்தைத் தொடுவது. பிரிட்டனிலும் நம் ஊரிலும் 'டச் வுட்'.

கிரிக்கெட்டில் ஒருவர் ஆடிய ஆட்டமே ஒரு 'நாக்'. புது பேட் வாங்கியவர் செய்யவேண்டியது 'நாக்கிங் இன்'. இங்கிலீஷ் வில்லோ பேட் கடையிலிருந்து வந்ததும் நேராகப் பந்தை அடித்தால் விளிம்பு பிளந்துவிடும். முதலில் ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தடவிக் காயவிடவேண்டும். அப்புறம் மரச்சுத்தியால் முகப்பில் மெதுவாகத் தொடங்கி, நாளாக ஆகப் பலமாக, மணிக்கணக்கில் தட்டவேண்டும். ஓரங்களைச் சாய்வாகத்தான் தட்டுவார்கள், அடிப்பாகத்தின் நுனியில் கை வைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்குப் பயந்து பாதியில் விட்டால் பேட் போச்சு.

மெக்கானிக் 'இன்ஜின் நாக் அடிக்குது' என்றால், எரிபொருள் நேரந்தவறி எரிந்து உள்ளே டக் டக் என்கிறது என்று பொருள்.

'நாக்கர் அப்' என்றொரு வேலை இருந்ததாமே?

இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் ஆலை ஊர்களில் விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகிறவர்களை எழுப்புவதற்குக் கூலிக்கு ஆள். நீளமான மூங்கில் கழியால் மாடி ஜன்னலைத் தட்டுவார். ஊதுகுழாயில் காய்ந்த பட்டாணியை வைத்துக் கண்ணாடியின்மேல் ஊதியவர்களும் உண்டு. ஆள் எழுந்து ஜன்னலில் முகம் காட்டும்வரை நகரமாட்டார். அலாரம் கடிகாரம் மலிவானதும் வேலை மறைந்தது, ஆனாலும் சில ஊர்களில் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது.

'நீ'யை வைத்து வரும் தொடர்கள்?

'நீ ஜெர்க்' முக்கியமானது. முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியால் டாக்டர் தட்டினால் கால் தானாக உதைக்கும். மூளையைக் கேட்காமலே நடக்கும் அனிச்சைச் செயல். 1875-இல் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் இதைப் பதிவுசெய்தார்கள். யோசிக்காமல் உடனே எடுக்கும் முடிவு 'நீ ஜெர்க் ரியாக்‌ஷன்'.

'பீஸ் நீஸ்', தேனீயின் முழங்கால்: பிரமாதம் என்று பொருள். 1920-களின் அமெரிக்க இளைஞர் பேச்சு. காரணம் தேடாதீர்கள்; 'பூனையின் பைஜாமா' என்பதும் அதே காலத்தில் அதே பொருளில் வந்ததுதான்.

'டேக் எ நீ' என்றால் ஒற்றைக்கால் மண்டியிடுவது. 2016-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் தேசியகீதத்தின்போது அப்படிச் செய்தபின், இனவெறிக்கு எதிர்ப்பு என்ற பொருள் ஏறிவிட்டது.

'நக்கிள் டவுன்', 'நக்கிள் அண்டர்' இரண்டும் ஒன்றா?

இல்லை, தேர்வில் மாட்டிவிடுவதே இதுதான். நக்கிள் என்பது விரல் முட்டி. முதலாவது மும்முரமாக வேலையில் இறங்குவது. கோலி ஆடும்போது முட்டியைத் தரையில் ஊன்றிக் குறிபார்ப்பார்களே, அந்த நிலை. இரண்டாவது அடங்கிப்போவது, பணிந்துவிடுவது. 'ராப் ஆன் தி நக்கிள்ஸ்' வாத்தியார் ஸ்கேலால் முட்டியில் போடுவது; செய்தியில் வந்தால் லேசான கண்டிப்பு. நீதிமன்றம் ஓர் அதிகாரியைக் குட்டியது என்று தமிழில் எழுதுகிறோமே, அந்த இடம்.

'நோ'வைப் பற்றிச் சொல்லவில்லையே?

'நோ தி ரோப்ஸ்': பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எதை இழுக்கும் என்று தெரிந்தவர், ஆகவே வேலையின் நெளிவுசுளிவு தெரிந்தவர். 'இன் தி நோ': உள்விஷயம் தெரிந்த வட்டத்தில் இருப்பவர்.

லண்டனில் 'தி நாலெட்ஜ்' என்று சொன்னால் அது டாக்சி ஓட்டுநர் பரீட்சை. 1865-இல் தொடங்கியது. சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் உள்ள சுமார் 25,000 தெருக்களையும் முக்கிய இடங்களையும் மண்டையில் ஏற்றிக்கொண்டு, தேர்வாளர் கேட்கிற வழியை மேப் பார்க்காமல் ஒப்பிக்கவேண்டும். தேற மூன்று நான்கு வருஷம் ஆவது சாதாரணம். மொபைலில் வழி வந்தபிறகும் நடத்துகிறார்கள்.

'நேக்' என்றால்?

கைவாகு, சூட்சுமம். பேச்சில் 'நேக்கா செய்' என்போமே, ஏறத்தாழ அதே.

'ஜி' ஊமையாகி 'என்' வருகிறதே, அதுவும் இப்படித்தானா?

அதே காலத்தில், அதே வழியில் போனது. 'நாஷிங் ஆஃப் டீத்' என்ற தொடரைத் தமிழ் பைபிள் படித்தவர்கள் 'பற்கடிப்பு' என்று அறிவார்கள். 'நேட்' என்பது கொசு போன்ற சின்னப் பூச்சி. 'ஸ்ட்ரெய்ன் அட் எ நேட்' என்ற தொடரும் மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்வதுதான்: கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள்.

இவற்றில் எதையாவது சொல்லி மானம் போக வாய்ப்பு உண்டா?

தாராளமாக. நம் ஊரில் பையன்கள் போடும் அரைக்கால் சட்டை நிக்கர். பிரிட்டனில் 'நிக்கர்ஸ்' பெண்களின் உள்ளாடை. வாஷிங்டன் இர்விங் 1809-இல் நியூயார்க் பற்றிய கிண்டல் வரலாற்றை 'நிக்கர்பாக்கர்' என்ற கற்பனைப் பெயரில் வெளியிட்டார். அந்தப் பெயர் பழைய டச்சு நியூயார்க்வாசிகளுக்கு ஒட்டி, அவர்கள் பாணித் தொளதொள கால்சட்டைக்கு ஒட்டி, உள்ளாடையில் வந்து நின்றது. நியூயார்க் கூடைப்பந்து அணியான நிக்ஸும் அந்தப் பெயரின் சுருக்கமே. 'டோன்ட் கெட் யுவர் நிக்கர்ஸ் இன் எ ட்விஸ்ட்' என்றால் அநாவசியமாகப் பதறாதே, நண்பரிடம் மட்டும்.

'நாக் மீ அப் அட் சிக்ஸ்' என்றால் பழைய பிரிட்டிஷ் பேச்சில் ஆறு மணிக்கு எழுப்பு. அமெரிக்காவில் 'நாக் அப்' என்பது கர்ப்பமாக்குவது. ஓட்டல் வரவேற்பில் 'வேக் மீ' என்றே கேளுங்கள். 'நாப்' கதவுக் குமிழ். அதையே பிரிட்டனில் ஒரு மனிதரைப் பார்த்துச் சொன்னால் கெட்ட வார்த்தை. 'நேக்கர்டு' என்றால் ஓய்ந்துபோய்விட்டேன். உழைத்து ஓய்ந்த குதிரையைத் தோலுக்கும் எலும்புக்கும் வாங்கிப்போகிறவர் நேக்கர், அங்கிருந்து வந்தது. லண்டன் சகபணியாளரிடம் டீ குடிக்கும்போது சொல்லலாம், மேனேஜருக்கு எழுதும் லீவ் மெயிலில் 'டயர்டு' போதும்.